மேலே ஒன்று, கீழே ஒன்று

எங்கள் அன்பியத்தில் வீடு வீடாகப் போகிற வேலை எதுவானாலும் என் தலையில்தான் விழும். மகளே, மகனே, அன்பியம் என்றால் என்னவென்று உங்கள் இருவருக்கும் தெரியும். உங்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் எழுதி வைக்கிறேன். ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பங்கில் ஐம்பது குடும்பங்களை ஒரு குழுவாகச் சேர்த்திருப்பார்கள். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பைபிள் வாசிப்போம், வாசித்ததைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவோம், சுண்டலும் டீயும் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். முத்தியால்பேட்டையில் நம் மூன்று தெருவும் சேர்ந்தது ஓர் அன்பியம். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவன் என்றாலும் எழுத்து அழகாக வரும். மில்லில் இருந்தபோது சங்கத்து நோட்டீசெல்லாம் நான்தான் எழுதுவேன். மில் மூடி, பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகும் அந்தப் பேர் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த வருடம் என் கையில் இரண்டு தாள்கள் இருந்தன.

முதல் தாள் கோயிலிலிருந்து வந்தது, அச்சடித்தது. கருவில் இருக்கிற குழந்தையைக் கலைக்கக் கூடாது, அதைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்கிற கோரிக்கை. "உயிர் கடவுள் கொடுத்தது. அதை எடுக்க எந்த மனிதனுக்கும் உரிமை இல்லை" என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

இரண்டாவது தாளை எழுதியது நான். மில்லில் என் பக்கத்துத் தறியில் பதினாறு வருடம் நின்ற நண்பன் ஒருவன், அடுத்த தெருக்காரன். அவனுடைய ஒரே மகன் ஒரு கல்யாண வரவேற்பில் செத்துப்போனான். எந்தப் பாட்டுப் போடுவது என்று பையன்களுக்குள் தகராறு. மண்டபத்து வாசலுக்கு வந்து கைகலப்பு. குடித்திருந்த ஒருவன் கத்தியால் குத்திவிட்டான். செத்தவனுக்கு இருபது வயசு. அவன் ஞானஸ்நானத்துக்கு நான் போயிருந்தேன். அவன் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். குத்தியவனும் வெளியூர்க்காரன் இல்லை. நம் தெருக்கோடியில் இட்லி மாவு அரைத்து விற்கிறாரே, அந்த அக்காவின் மகன். அவனைப் பிடித்துக் காலாப்பட்டு ஜெயிலில் வைத்திருந்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தது.

அவனுக்குத் தூக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஒரு கோரிக்கை எழுதினேன். "ஓர் உயிரை எடுத்தவனுக்கு உயிரோடு இருக்க உரிமை இல்லை" என்பது அதன் முதல் வரி. அந்த வரி எனக்கே மிகவும் பிடித்துப்போனது. நண்பனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் விடவில்லை. என் நண்பனுக்காக நான் செய்ய முடிந்தது அதுதான் என்று அன்று முழுமனதாக நம்பினேன். இதையும் நீங்கள் நம்ப வேண்டும். கோபம் பொய்யில்லை.

அந்த மாதக் கூட்டம் சொல்தா வீட்டில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்சனோடு திரும்பியவர்களை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் சொல்தா என்றுதானே சொல்வோம். கோயில் தாளை மேலேயும் என் தாளைக் கீழேயும் வைத்துக்கொண்டு, அவர் வீட்டுக் கூடத்தில் நின்று இரண்டையும் வாசித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சொல்தா மட்டும் சிரித்தார்.

"ஏம்ப்பா, மேல படிச்சதும் நீதான், கீழ படிச்சதும் நீதானா?"

"ஆமாங்க ஐயா. இன்னா அதுல?"

"ஒண்ணுமில்ல. எங்க பிரான்சுல தூக்கும் கெடையாது, தலய வெட்டுறதும் கெடையாது. எல்லாத்தயும் நிறுத்திட்டாங்க. ஆனா கருவக் கலைக்கிற உரிமைய சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. இங்க நீங்க அப்பிடியே திருப்பிக் கேக்குறீங்க. ஆளுக்குப் பாதி உசுர எடுத்து வச்சிக்கிட்டு மீதிய விட்டுர்றீங்க."

"ஒண்ணும் அறியாத பச்சப்புள்ளயும் கொலகாரனும் ஒண்ணா?" என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சத்தமாகக் கேட்டார்.

"ஒண்ணுன்னு நான் எங்கம்மா சொன்னேன்? மேல் பேப்பர்ல 'எந்த மனிதனுக்கும்'னு போட்டிருக்கு. அதத்தான் சொன்னேன்."

"அப்ப ஐயா எதுல கையெழுத்துப் போடுறீங்க?"

"எதுலயும் போடல. மேல போட்டா என் பிரெஞ்சு பாஸ்போர்ட்டு கோச்சிக்கும். கீழ போட்டாலும் அதே பாஸ்போர்ட்டுதான் கோச்சிக்கும்."

கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "துப்பாக்கி புடிச்ச கைக்குத் திடீர்னு இன்னா ஆச்சி?" என்று கேட்டுவிட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அதனாலதாம்ப்பா ரெண்டுலயும் போடல. ஜிபூத்தி நாட்டுல பிரெஞ்சுப் பட்டாளத்துல காவலுக்கு நின்னப்ப சுடுன்னு சொல்லியிருந்தா சுட்டிருப்பேன். எனக்கு இதுல பேச வாயில்ல. உனக்கு இருக்கு. நீ யோசி."

நான் யோசிக்கவில்லை. சுண்டல் வந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. வேனுக்கு லீவு. மகளே, அப்போது நீ ஒன்பதாவது. உன் பரீட்சை அட்டையை வாங்கி, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளிப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மேல்தாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போக வேண்டும். கீழ்த்தாள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு. கீழ்த்தாளைப் பற்றிச் சாமியாருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். "அன்பியத்துக் கையெழுத்து. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு." மேல்தாளில் போடுவார்கள், நான் அதைத் தூக்கிப் பிடிப்பேன், கீழ்த்தாளில் போடுவார்கள். ஒருவரும் படிக்கவில்லை. "நீ கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. முந்தின நாள் கூட்டத்துக்கு வந்தவர்கள் இருபது பேர்தான். மற்ற வீட்டுக்காரர்களுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியவே தெரியாது. அது எனக்கு உறைக்கவில்லை.

நம் வீட்டையும் சேர்த்து நாற்பது வீடு முடித்து மாவுக்கார அக்கா வீட்டுக்கு வந்தேன். மகனைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து அவர் கூட்டத்துக்கு வருவதில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஆனால் பட்டியலில் அவர் பேர் இருக்கிறது. தாண்டிப் போனால் தெருவே பார்க்கும். மேல்தாளில் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "வா தம்பி, வா. என் வூட்டையும் கணக்குல வச்சிருக்கியா? நான் பேர எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அப்பிடிலாம் எடுப்பமாக்கா? அன்பியத்துக் கையெழுத்து. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

நாற்பது வீட்டில் சொன்ன வாய். அதுவாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

கண்ணாடி உள்ளே இருக்கிறது, எங்கே போட வேண்டும் காட்டு என்றார். காட்டினேன். மேலே போட்டார். பிறகு அவரே மேல்தாளைத் தூக்கிக் கீழேயும் போட்டார். பேரை முழுதாக, இனிஷியலோடு, நிதானமாக எழுதினார். அன்பியத்துக்காரர் ஒருவர் வீடு தேடி வந்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அக்கா, அது வேணாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் ஏன் வேண்டாம் என்று கேட்பாரே என்ற வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

மீதி வீடுகளையும் முடித்து நம் வீட்டுக்கு வந்து, எண்ணிப் பார்க்கச் சொல்லி உன்னிடம்தான் அட்டையைக் கொடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. தம்பிக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்று இரண்டு தாளின் முதல் வரியையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தாய்.

"அப்பா, இது ரெண்டும் ஒரே கடிதாசியா? நடுவுல ஏதாச்சும் பக்கம் காணாமப் போச்சா?"

நீ விரல் வைத்து எண்ணிக்கொண்டே போய் நாற்பத்தொன்றில் நின்றுவிட்டாய்.

"மாவுக்கார அத்த இதுல போட்டிருக்காங்க. அவங்க பையனுக்குத்தானே இது? எப்பிடிப்பா போட்டாங்க?"

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா எட்டிப் பார்த்தாள். அவளிடம் மறைக்க முடியாது. நடந்ததைச் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"டீயும் குடிச்சிட்டு வந்தீங்களா?"

"குடிச்சேன்."

"நல்லாயிருந்துதா?"

சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பவும் தெருக்கோடிக்குப் போனேன். மகளே, நீ அந்த வரியில் விரலை நிறுத்தியதற்கு நான் இன்றுவரை உனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன். நீ நிறுத்தாமல் கடைசி வரை எண்ணியிருந்தால், நான் அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அந்த அளவுக்குத்தான் அன்று எனக்கு மனசாட்சி இருந்தது.

சாயந்திர மாவுக்கு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கிரைண்டர். பேசினால் காதில் விழாது. அவர் அரிசியைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "இன்னா தம்பி, பேனாவ வுட்டுட்டுப் போயிட்டியா?" என்று கத்தினார்.

"இல்லக்கா! அந்தக் கீழ் பேப்பரு!"

"இன்னா?"

"கீழ நீங்க போட்ட கையெழுத்து!"

"ஒண்ணும் கேக்கல, இரு" என்று இரண்டு கிரைண்டரையும் அணைத்தார். நான் அதற்குள் மூச்சைப் பிடித்துக் கத்தத் தொடங்கிவிட்டேன். சத்தம் நின்ற வீட்டில் என் குரல் மட்டும் கேட்டது: "உங்க பையனத் தூக்குல போடச் சொல்லிக் கேக்குற பேப்பரு!"

பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

அக்கா ஈரக் கையோடு நின்றார். பிறகு உள்ளே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அட்டையை வாங்கினார். மேல்தாளைப் படித்தார். கீழ்த்தாளைப் படித்தார். அவர் கைமாவு தாளின் ஓரத்தில் ஒட்டியது.

"எழுத்து அழகா இருக்கு. நீயே எழுதினியா?"

"ஆமாக்கா."

"இந்த மேல் பேப்பரு அவன் என் வயித்துல இருந்தப்ப அவனுக்கும் சேத்துத்தானே?"

"ஆமாக்கா."

"எத்தினி வயசு வரைக்கும் செல்லும் தம்பி இது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. உட்காரச் சொன்னார். "அவன் செஞ்சது சரின்னு நான் சொல்ல மாட்டேன். செத்த புள்ள என் கையால மாவு வாங்கிட்டுப் போன புள்ள. சில்லறைய மறந்துட்டுப் போனா மறுநா வந்து வாங்கிப்பான். இவன் உள்ளயே கெடக்கட்டும். எத்தினி வருசம்னாலும் கெடக்கட்டும். உசுரோட கெடக்கட்டும், அவ்வளவுதான்."

நான் பேனாவை எடுத்து அவர் பேரை அடிக்கப் போனேன். என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இப்ப அடிக்காத. எனக்குத் தெரியாமப் போட்டேன், சரி. மத்தவங்க தெரிஞ்சா போட்டாங்க? போய் ஒவ்வொரு வூட்லயும் ரெண்டையும் படிச்சிக் காட்டு. அதுக்கப்புறமும் வேணும்னு சொல்றவங்க பேரு இருக்கட்டும். எல்லா வூடும் முடிச்சிட்டு வந்து கடைசியா என் பேர அடி."

அவர் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கலாம். தெருவைக் கூட்டியிருக்கலாம். செய்யவில்லை. செய்த தப்பை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லிக் கொடுத்தார். அதற்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் இரண்டு தாளைப் பற்றியும் சொல்லி ஒரு வாரம் தவணை கேட்டேன். அவர் கீழ்த்தாளை வாங்கிப் படித்துவிட்டு, திட்டாமல், "முதல்ல அந்த அம்மா சொன்னதச் செய்" என்று திருப்பிக் கொடுத்தார். நான்கு நாள் சாயந்திரம் வேனை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போனேன். இரண்டு தாளையும் வாசித்தேன். சிலர் கீழ்த்தாளில் பேரை அடித்தார்கள். சிலர், "அடிக்க மாட்டேன், அந்தப் புள்ளயப் பெத்தவன் மூஞ்சியப் பாத்தியா நீ?" என்றார்கள். பார்த்தவன்தான் நான். "நேத்து ஒண்ணு சொல்ற, இன்னிக்கு ஒண்ணு சொல்ற, நாளைக்கி இன்னா பேப்பர் கொண்டாருவ?" என்று கேலி செய்தவர்களும் உண்டு.

ஒரு வீட்டில் நான் மேல்தாளை வாசிக்கும்போதே ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அண்ணே, இதப் படிச்சிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன். ஏன்னு கேக்காதீங்க" என்றாள். கேட்கவில்லை. மேல்தாளில் அவள் பேரை அடித்தேன். மேலே என் பேர் இன்றும் இருக்கிறது. அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்ற பிறகு, அந்தத் தாளை உரக்க வாசிக்கிற குரல் எனக்குக் குறைந்துவிட்டது. கருவைக் காப்பாற்று என்று எழுதுகிறவன், அதைச் சுமப்பவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒருநாளாவது போய்க் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. கையெழுத்துத்தான் கேட்டேன்.

சொல்தா வீட்டுக்கும் போனேன். அவரிடம் வாசிக்க ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "வுடுப்பா. நான் யோசின்னு சொன்னேன், நீ நடந்தே யோசிச்சிட்ட" என்றார்.

கடைசியாக அக்காவின் பேரை அடித்தேன். அதற்குமேல் முதலாவதாக இருந்த என் பேரையும் அடித்தேன். கீழ்த்தாளில் பதினேழு பேர் மிஞ்சினார்கள். தெரிந்து போட்டவர்கள். அதைக் கிழிக்க எனக்கு உரிமை இல்லை. நண்பனிடம் கொண்டுபோனேன்.

அவன் மகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். தாளை வாங்கி மேலிருந்து பார்த்தான்.

"உன் கையால எழுதிட்டு உன் பேரே இல்லியாடா?"

"மேல் பேப்பர்ல போட்டுட்டு இதுல போட முடியலடா. ரெண்டு நாளா முயற்சி பண்றேன், முடியல."

"உன் புள்ளைங்க ரெண்டும் வூட்ல ஒக்காந்து படிக்குதுங்க. உனக்கு மேலயும் கீழயும் பேச வரும். எனக்கு இன்னா இருக்கு?"

உங்களிடம் யாராவது இதைக் கேட்டால் பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். வெளியே வந்து செருப்பைத் தேடினேன். எனக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவன் அந்தத் தாளைக் கொடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கோர்ட்டு தன் போக்கில் நடந்து அந்தப் பையனுக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் கையெழுத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நண்பன் என்னிடம் பேசுவதை நிறுத்தினான். பூசையில் நான் உட்காரும் பக்கம் அவன் உட்காருவதில்லை. மில்லின் இரைச்சலில் கையைக் காட்டியே பேசிக்கொண்ட இரண்டு பேர், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் ஊமையாகிவிட்டோம்.

அக்காவுக்குக் காலாப்பட்டு வரை பஸ் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதைச் சொன்னார். மாதம் ஒருமுறை நான் என் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். மேல்தாளில் என் பேர் இருக்கிறதே, அதற்கு வேறு எப்படி அர்த்தம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை உள்ளேயும் போய் அவனைப் பார்த்தேன். வெயிட் போட்டிருந்தான். "மாமா வந்திருக்காரு, பேசுடா" என்று அக்கா சொன்னார். அவன் தலையைத் தூக்கவில்லை. எனக்கும் அவன்மேல் பாசம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. உயிரோடு இருந்தான், அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

காலாப்பட்டுக்கு நேர் வழி நண்பனின் தெரு வழியாகத்தான். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். போன பங்குனியில் ஒரு நாள் காலையில், அக்கா பின்னால் உட்கார்ந்திருக்க, வண்டி அவன் வீட்டைத் தாண்டும்போது அவன் பால் பாக்கெட்டோடு நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டினான். நிறுத்தினேன். அக்காவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தான்.

"காலாப்பட்டுக்கா?"

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவன் குரலைக் கேட்டு. "ஆமாண்டா" என்றேன்.

"போ. ஆனா இந்தத் தெரு வழியாப் போவாத. எங்க வூட்ல அவ ஜன்னல்லருந்து பாத்துட்டு அன்னிக்கிப் பூரா சோறு துன்ன மாட்டேங்கிறா."

"தெரியாமப் போச்சிடா. இனிமே வரல."

"ம்" என்றான். பால் பாக்கெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

வண்டியை அங்கேயே திருப்பினேன். சோலை நகர் பக்கமாகப் போய்ச் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டைப் பிடித்தோம். ஊர் தாண்டிக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் அக்கா முன்னால் சாய்ந்து என் காதருகே கேட்டார்.

"தம்பி, அவுரு போன்னு சொன்னாரு இல்ல?"

"சொன்னான்க்கா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கேட்டார். "போன்னுதானே சொன்னாரு?"

"போன்னுதாங்க்கா சொன்னான்."

ஜெயில் வாசலில் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டார். அவர் போ என்று சொன்னதை மகனிடம் சொல்லலாமா என்று என்னைக் கேட்டார். சொல்லுங்கள் என்றேன்.